அறுபது மஃப்ளரும் விதி நாற்பத்துநான்கும்

சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் தங்கம் திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வாரியம் மட்டும் ஒரு நாள்கூடக் கண் அசரவில்லை. தங்கம் வெட்டிய காலத்தில் சுரங்க கேட்டில் பன்னிரண்டு பேர் காவல் இருந்தார்களாம். தங்கம் தீர்ந்துபோன பிறகு வாரியத்தில் மொத்தம் ஐம்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். இல்லாத ஒன்றைக் காப்பது எவ்வளவு சிரமமான வேலை என்பது இதிலிருந்தே தெரியும்.

'மூடிய சுரங்கச் சொத்துக் காப்பு வாரியம்' என்று பெயர். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிப்டுக்கும் இன்றுவரை சங்கு ஊதுகிறார்கள். ஆபீஸ் விடுவதற்கு ஐந்து மணிச் சங்கு தனி. யாரும் கீழே இறங்குவதில்லை, யாரும் மேலே வருவதில்லை. இருந்தாலும் சங்கு இரண்டு நிமிஷம் பிந்தினால் ஊதுகிறவருக்கு மெமோ பறந்து வரும்.

அந்த வளாகத்துக்குள், தொழிலாளிகள் ஒரு காலத்தில் தலைவிளக்கு வாங்கிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏறிய பழைய விளக்கறையில், இப்போது ஆறு பெண்கள் உட்கார்ந்து மஃப்ளர் பின்னினார்கள். அறையைக் கொடுத்தது வாரியம்தான். பெண்கள் முன்னேற்றத்துக்கு ஏதாவது செய்தீர்களா என்று மேலிடம் கேட்டதும், ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, விளக்கறைக்கு விளக்கில்லாமல் சாவியைக் கொடுத்தார்கள்.

ஆறு பேருக்கும் தலைவி மாதிரி இருந்தவள் புஷ்பவல்லி. வயது நாற்பத்து மூன்று. அவளும் மற்ற ஐவரும் தினமும் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்களின் தரையைத் துடைத்துவிட்டு, இருட்டிய பின் திரும்பி வருகிறவர்கள். அந்த ரயிலில் தூங்கி வழியாமல் இருப்பதற்காகவே பின்னக் கற்றுக்கொண்டவர்கள். ஒன்பதாவது படிக்கும் மகள் பல்லவியைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது புஷ்பவல்லிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பெண் எப்போது இவ்வளவு உயரம் ஆனாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் திடுக்கிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பாட்டுக்குழுவிடமிருந்து ஆர்டர் வந்தது. அறுபது நீல மஃப்ளர். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி கையில் இருக்க வேண்டும். பிடித்திருந்தால் வருஷம் முழுக்க ஸ்வெட்டர், குல்லாய் எல்லாம் இவர்களிடமே வாங்குவார்கள். பிறகு எதற்கு ரயில்? ஆறு பேரும் துடைப்பக்கட்டை வேலைக்கு ஒரு மாதம் சம்பளமில்லாத லீவு சொன்னார்கள். பதின்மூன்றாம் தேதி காலையில் வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று மேஸ்திரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

டிசம்பர் ஒன்றாம் தேதியே அறுபதும் முடிந்துவிட்டது. புஷ்பவல்லி முதல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். அங்கே காவலுக்கு இருந்தவன் சம்பங்கி. அவளுக்கு ஒரே லைன் வீட்டுக்காரன், தொழிலாளர் குடியிருப்பில் அதே வரிசை, தம்பி மாதிரி. அவன் மூட்டையை அவிழ்த்தான், ஒரு மஃப்ளரை மேசைமேல் விரித்தான். விரித்த கையை எடுத்ததும் அதன் இரண்டு ஓரமும் மெதுவாக உள்பக்கம் சுருண்டுகொண்டன.

"இன்னாக்கா இது, பிரிச்சா திரும்பச் சுருட்டிக்குது?"

"பின்னல் துணி அப்பிடித்தான் சம்பங்கி. நீ எழுது, நான் புடிச்சிக்கிறேன்."

"புடிக்கக் கூடாதுக்கா. ரூல் நாப்பத்திநாலு."

விதி நாற்பத்துநான்கு வெள்ளைக்காரன் காலத்து விதி. அந்நாளில் ஷிப்டு முடிந்து மேலே வருகிறவர்கள் அரைக்கால் சட்டையின் மடிப்பிலும் முண்டாசின் சுருட்டலிலும் தங்கப் பொடியை ஒளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று அதை எழுதி வைத்தார்கள். கேட்டைத் தாண்டும் எந்தத் துணியிலும் மடிப்போ சுருட்டலோ இருக்கக் கூடாது. இருந்தால் பிரித்துக் காட்ட வேண்டும். காவலர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அது பிரிந்தே கிடக்க வேண்டும். பதிவேடோ ஒரு துணிக்கு மூன்று பக்கம். எழுதுவதும் மைப் பேனாவால்தான் எழுத வேண்டும். மைப்புட்டி ஆபீஸில் பூட்டி இருக்கும்.

"புடிச்சா இன்னாடா?"

"புடிச்சா, அந்தக் கைக்குள்ள இன்னா கீதுன்னு பார்க்கணும். அதுக்கு வேற ரூல், நாப்பத்தஞ்சு." சம்பங்கிக்கே அழுகை வரும்போல இருந்தது. "நான் உட்டுருவேன்க்கா. ஆனா மேல கேமரா வச்சிகீறாங்க. தங்கத்தைப் பார்க்கலை, என்னைத்தான் பார்த்துகினு கீறாங்க."

"சரி, பின்னலைப் பிரிச்சி நூலாவே எடுத்துகினு போறோம். வெளிய போய்ப் பின்னிக்கிறோம்."

"நூலை உருண்டையாத்தானே சுத்துவீங்க? உருண்டைன்னா சுருட்டல் இல்லியா?"

மூட்டை திரும்ப விளக்கறைக்கே போனது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புஷ்பவல்லியும் அவளுடைய கூட்டாளி ஐடாவும் ஆபீஸுக்குப் போனார்கள். ஐடாவுக்கு ஐம்பது வயது. சர்ச்சில் பாடுகிற குரல், மனதில் பட்டதை அதே குரலில் சொல்லிவிடுவாள். அதனால் ஆபீஸ் வாசலிலேயே புஷ்பவல்லி அவள் கையை அழுத்தி வைத்தாள்.

உள்ளே இருந்தவர் ஜெயகரன். முதன்மைக் காப்பு அதிகாரி. கூடுதல் பொறுப்பாகத் தூசிக் கட்டுப்பாட்டு அதிகாரியும் அவரே. அவர் மேசையைப் பார்த்தாலே தெரியும், அவர் கட்டுப்பாட்டிலிருந்து ஒரு துகள் தூசிகூட வெளியே போனதில்லை. நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி ஒன்று அரக்கு முத்திரையோடு இருந்தது. அதற்குள் வாரியம் அங்கீகரித்த மாதிரி மஃப்ளர் இருந்தது. இரண்டு ஓரமும் சுருண்டு சுருண்டு ஒன்றையொன்று தொட்டுவிட்டதால், இப்போது அது ஒரு நீளமான நீலச் சுருட்டாகக் கிடந்தது.

"இந்த வாரியம் பொறுப்பேற்ற நாள்முதல்," என்று ஜெயகரன் ஆரம்பித்தார். எதிரே இரண்டு பேர் இருந்தாலும் அவருக்கு அது கூட்டம்தான். "ஒரு குந்துமணித் தங்கம்கூட இந்த கேட்டைத் தாண்டியதில்லை அம்மா. உள்ளேயும் வந்ததில்லை, வெளியேயும் போனதில்லை. உலகத்தில் எந்தக் காவல் படையாவது இப்படிச் சொல்ல முடியுமா? இந்தச் சாதனையை ஒரு மஃப்ளருக்காக நான் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?"

"சார், ஓரம் சுருளாம இருக்க வழி கீது சார்," என்றாள் புஷ்பவல்லி. "நான் முதல்ல குடுத்த மாதிரில ரெண்டு ஓரத்துலயும் அஞ்சஞ்சு கண்ணி மாத்திப் பின்னியிருந்தேன். நீங்கதான் ஓரத்துல ஏன் சொரசொரன்னு கீது, எடுத்துருன்னு சொன்னீங்க."

அது உண்மைதான். கம்பெனி காலத்துத் தரம் வழவழப்பு என்று சொல்லி, ஓரத்தை நீக்கின மாதிரிக்குத்தான் அவர் முத்திரை வைத்திருந்தார். அதற்குப் பிறகு மாதிரியிலிருந்து ஒரு கண்ணி மாறினாலும் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியும் வாங்கியிருந்தார்.

"நான் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்," என்றார் ஜெயகரன். "அந்தக் காரணம் கோப்பில் இருக்கும். கோப்பு பரிசீலனையில் இருக்கும். அது சரி, கண்ணி மாற்றினால் ஏன் சுருளாது?"

இதைக் கேட்டால் புஷ்பவல்லிக்கு உற்சாகம் வந்துவிடும். அவள் மஃப்ளரை அவர் மேசைமேல் போட்டாள். "இங்க பாருங்க சார். ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. முன்பக்கம் எல்லாக் கண்ணியும் ஒரே பக்கமாப் பார்த்துகினு கீது. எல்லாம் ஒரே பக்கம் இழுத்தா துணி இன்னா பண்ணும்? அந்தப் பக்கமே சுருண்டுக்கும். அதுக்குத்தான் ஓரத்துல ஒரு கண்ணி நேராவும் ஒரு கண்ணி எதிராவும் போடறது. எல்லாரும் ஆமா சாமி போடற எடத்துல ரெண்டு பேராவது எதிர்த்து நிக்கணும் சார். அப்பத்தான் துணி நேரா நிக்கும்."

அறையில் இருந்த எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார். ஜெயகரன் முகம் இறுகியது.

"எதிர்ப்பா? இந்த வாரியத்தில் எதிர்ப்பு என்கிற பேச்சே கிடையாது. இருபத்தொரு வருஷமாக ஒவ்வொரு தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறியிருக்கிறது. வேண்டுமானால் நிபுணர் குழு போடுகிறேன்."

குழு அன்றைக்கே போடப்பட்டது. நிபுணர் டென்னிஸ். சுரங்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்று, பிறகு வாரியத்தில் ஆலோசகராக ஒட்டிக்கொண்டவர். எழுபத்தைந்து வயது. நிலத்துக்கு மூவாயிரம் மீட்டர் அடியில் பாறை எந்தப் பக்கம் நகரும் என்று சுவரில் காதை வைத்தே சொல்லிவிடுவார். மஃப்ளரைப் பார்த்ததும் அவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. மேசைமேல் குனிந்து அதிலும் காதை வைத்தார்.

"சைடு வால் ரெண்டும் உள்ள வருதும்மா," என்றார் தாழ்ந்த குரலில். "நூறாவது லெவல்ல இப்பிடித்தான் வந்துச்சி. பிரஷர். நாங்க நாலு பேர் ஓடி வந்து தப்பிச்சோம். இன்னிக்கே டிம்பர் முட்டுக் குடுக்கலேன்னா பொழுது சாயறதுக்குள்ள மொத்தமா மூடிக்கும்."

"மஃப்ளரா சார்?"

"நீ பாறைன்னு நெனச்சிக்கோம்மா. புரியும்."

அளந்தார்கள். ஒரு ஓரம் நிமிஷத்துக்கு இரண்டு அங்குலம் நகர்வதாகக் குறித்து, மெழுகுத் தாளில் வரைபடம் போட்டு, ஆபத்துப் பகுதியைச் சிவப்புப் பென்சிலால் தீட்டினார்கள். விளக்கறை வாசலில் 'உள்ளே நகர்வு உள்ளது, தலைக்கவசம் அணியவும்' என்று பலகை தொங்கியது. ஆறு பெண்களும் தலையில் இரும்புத்தொப்பியோடு உட்கார்ந்து பூப் போட்ட டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். அன்று மாலை டென்னிஸ் பூதிகோட்டையிலிருந்து மூங்கில் வரவழைத்து, மெல்லிசாகச் சீவி, ஒரு மஃப்ளரின் குறுக்கே அரை அடிக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்துக் கட்டினார். துணி சுருளவில்லை. மகிழ்ச்சியில் அதை ஆபீஸ் பியூனின் கழுத்தில் சுற்றிப் பார்த்தார்கள். பியூனால் தலையைத் திருப்ப முடியவில்லை, குனிய முடியவில்லை. ஜெயகரன் சொன்ன எல்லாவற்றுக்கும் விறைப்பாக முன்னால் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல ஒழுங்கு வந்திருக்கிறது," என்றார் ஜெயகரன். "எல்லோருக்கும் கொடுக்கலாம்."

"பாட்டுப் பாடற புள்ளைங்க சார்," என்றாள் புஷ்பவல்லி. "கழுத்தைத் திருப்பணுமே சார்."

மூங்கில் யோசனையைக் கைவிடவில்லை, ஒத்திவைத்தார்கள். வாரியத்தில் எதையும் கைவிடுகிற வழக்கம் இல்லை.

அடுத்தது இஸ்திரி. இது ஜெயகரனுக்கே தோன்றிய யோசனை என்பதால் இதற்குக் குழு தேவைப்படவில்லை. கரி இஸ்திரிப் பெட்டியை நன்றாகக் காயவைத்து அழுத்தித் தேய்க்கச் சொன்னார். புஷ்பவல்லி கையை நீட்டித் தடுத்தாள். "வேணாம் சார், இது ஆட்டு ரோமம் இல்ல, பிளாஸ்டிக் கலந்த மில்லு நூலு. சூடு பட்டா செத்துரும்." துணி சாகுமா என்று அவர் சிரித்தார். தேய்த்தார்கள். மஃப்ளர் ஒரு முறை உஸ்ஸென்றது. அதற்குப் பிறகு அது சுருளவே இல்லை. அப்பளம்போல் தட்டையாக, பளபளவென்று, தொட்டால் வழுக்கிக்கொண்டு கிடந்தது. கழுத்தில் சுற்றினால் பிளாஸ்டிக் பை சுற்றின மாதிரிதான் இருந்தது, கதகதப்பு என்கிற பேச்சே இல்லை. ஐடா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டாள். அது அவள் பின்னியது.

"விதி நாற்பத்துநான்கு முழுமையாக நிறைவேறியிருக்கிறது," என்றார் ஜெயகரன். "மீதி ஐம்பத்தொன்பதையும் இப்படியே கொல்லலாம்." கொல்லலாம் என்று தெரிந்துதான் சொன்னாரா, வாய் தவறியதா என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு முதல்முறையாகப் புஷ்பவல்லி குரலை உயர்த்தினாள். "சார், இன்னும் ஒரு பத்து நாளு கீது. ஓரத்துக்கு மட்டும் அனுமதி குடுங்க. சுத்தி நாலு வரி கண்ணி எடுத்துப் போட்டா போதும். ரெண்டு நாள்ல முடிச்சிருவோம். நான் கால்ல வேணா உழறேன்."

காலில் விழுகிறேன் என்றதும் ஜெயகரன் கொஞ்சம் இளகினார். அது அவருக்குப் பிடித்த வார்த்தை. குழு மறுபடி கூடியது. ஓரம் வைத்துப் பின்னின ஒரு சாண் துண்டை டென்னிஸ் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "எதிர்க் கண்ணி போட்ட எடத்துல ஒரு மேடு வருது. மேட்டுக்கு அடியில ஒரு பள்ளம் கீது. பள்ளத்துல பொடி நிக்கும்." ஒரு மஃப்ளருக்கு எத்தனை மேடு என்று எண்ணச் சொன்னார்கள். இரண்டு எழுத்தர்கள் மூன்று நாள் எண்ணினார்கள். ஒருவருக்கு நாலாயிரத்து அறுநூறு வந்தது, இன்னொருவருக்கு நாலாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. அந்தப் பதினொன்றில்தான் தங்கம் போயிருக்க வேண்டும் என்று விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். குழுவின் அடுத்த கூட்டம் ஜனவரி எட்டாம் தேதி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி மாலையில் புஷ்பவல்லி கேட்டுப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் பெங்களூர் ரயில் கூவியது. அந்தச் சத்தம் கேட்டாலே அவளுக்கு முட்டிக்கால் வலிக்கும். பதின்மூன்றாம் தேதி மறுபடி அதில் ஏற வேண்டும், மறுபடி அந்த வழுக்குத் தரை, மறுபடி ஞாயிற்றுக்கிழமை மகள். சம்பங்கி டீ கொண்டுவந்து கொடுத்தான்.

"சுவத்து மேல தூக்கிப் போட்டுர்றியாடா?"

"நான் போட்டா எனக்கு வேலை போவும். நீங்க போட்டா உங்களுக்கு ஜெயிலு." அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "இந்த ரூலால நாசமாப் போனவங்க நீங்க மட்டும் இல்லக்கா. மூணு வருசம் முன்னாடி ஒரு பெரிய மனுசர் வந்தாரு. பொன்னாடை போத்தி அனுப்புனாங்க. எங்க ஹெட் கார்டு ரூல்படி, ஓரம் மடிஞ்சிகீது சார், பிரிச்சிக் காட்டுங்கன்னு கேட்டுட்டாரு. மறுநாளே தூக்கி பங்காருபேட்டை குடோனுக்குப் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் புதுசா ஒரு ரூலு. மரியாதைக்குப் போத்தின துணியை கேட்டுல தொடவே கூடாது."

புஷ்பவல்லி டீயைக் கீழே வைத்தாள்.

"எந்தத் துணியா இருந்தாலுமா?"

"மரியாதைன்னா மரியாதைதானேக்கா."

"மஃப்ளரா இருந்தா?"

சம்பங்கி அவளைப் பார்த்தான். பிறகு கேமராவைப் பார்த்தான். பிறகு எழுந்து, ரொம்ப அவசரமாக, கேட்டுக்கு எண்ணெய் போடப் போனான்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் புஷ்பவல்லியும் ஐடாவும் ஜெயகரன் முன்னால் நின்றார்கள். புஷ்பவல்லி பேசினாள். ஓரம் சுருளாமலிருக்க வாரியம் எடுத்த முயற்சிகளைப் பார்த்துத் தங்கள் மனம் நிறைந்துவிட்டதாகவும், இதற்கு ஒரு பாராட்டு விழா எடுக்காவிட்டால் சோறு இறங்காது என்றும், அதிகாரி முதல் கேட்டுக் காவலர் வரை எல்லோருக்கும் தங்கள் கையால் பின்னினதையே போர்த்தி மரியாதை செய்ய ஆசைப்படுவதாகவும் சொன்னாள். பக்கத்தில் ஐடா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அது பணிவு என்று ஜெயகரன் எடுத்துக்கொண்டார்.

"அதே மஃப்ளரா?" என்றார்.

"எங்ககிட்ட வேற இன்னா சார் கீது?"

அவர் கண்ணாடிப் பெட்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "மூட்டையில் இருந்தால் அது சரக்கு. தோளில் இருந்தால் அது மரியாதை. மரியாதைக்கு ஓரம் பார்க்கக் கூடாது. என்றைக்கு விழா?"

"நாளைக்கு சார். நாலு மணிக்கு."

"இந்த வாரியத்தில் ஒரு விஷயம் இவ்வளவு வேகமாக முடிவானதே இல்லை," என்று எழுத்தர் பின்னால் முணுமுணுத்தார். அவர் சொன்னது மெய்தான்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மஃப்ளர் அறுபது. இஸ்திரியில் செத்ததற்குப் பதிலாக ஐடா அந்த வாரத்திலேயே இன்னொன்று பின்னியிருந்தாள். மூங்கில் கட்டினதை அவிழ்த்தாகிவிட்டது. வாரியத்து ஆட்களோ டென்னிஸையும் சேர்த்து ஐம்பத்தொன்பது. ஒன்று மிஞ்சுகிறதே என்று புஷ்பவல்லி முழித்துக்கொண்டிருந்தபோது ஜெயகரனே தீர்த்து வைத்தார். அவருக்குத்தான் கூடுதல் பொறுப்பு உண்டே. காப்பு அதிகாரிக்கு ஒன்று, தூசி அதிகாரிக்கு ஒன்று.

பதினொன்றாம் தேதி நாலு மணிக்கு விழா நடந்தது. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வாசலில் பந்தல். வேலை பார்க்காமல் கையெழுத்து மட்டும் போடுகிற ஆட்கள்கூட வந்திருந்தார்கள். ஐம்பத்தொன்பது பேரும் வரிசையாக நின்று கழுத்தை நீட்டினார்கள். டென்னிஸ் தன் மஃப்ளரின் ஓரத்தில் காதை வைத்துப் பார்த்து, "இப்ப அமைதியா கீது," என்றார். கடைசியில் ஜெயகரன் இரண்டு மஃப்ளரோடு மைக்கைப் பிடித்தார்.

"பத்து நாட்களுக்கு முன்னால் நாம் நிம்மதியாக இருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. இன்று நமக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. இதைத் தீர்க்காமல் இன்னும் பல ஆண்டுகள் காப்பாற்றுவோம் என்று இந்த மேடையில் உறுதி சொல்கிறேன். சுருளுகிற துணி இருக்கும்வரை இந்த வாரியம் இருக்கும்!"

கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

அந்தச் சங்குக்கு அந்த கேட்டு வழியாக வெளியேறிய ஊர்வலத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஐம்பத்தொன்பது கழுத்தில் அறுபது நீல மஃப்ளர், நூற்றிருபது ஓரமும் சுருண்டுகொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக்காரன் கண்டால் மயக்கம் போட்டு விழுகிற அளவு மடிப்பு. சம்பங்கி விறைப்பாக நின்று ஒவ்வொருவருக்கும் சல்யூட் அடித்தான். புஷ்பவல்லி பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தாள். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு.  கடைசியாகச் சம்பங்கி தன் கழுத்தில் இருந்ததோடு ஒரு கால் வெளியே வைத்தான். முடிந்தது.

கேட்டுக்கு வெளியே இருபது அடி தள்ளி ஐடா ஒரு மேசை போட்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மற்ற நாலு பெண்களும் ஒரு ஆட்டோவும்.

"வாங்க சார், வாங்க. மஃப்ளரை இங்க குடுத்துட்டுப் போங்க. உங்க பேரு, பதவி ரெண்டையும் எழுதிக் குடுங்க. மஃப்ளர்லயே பேரைப் பின்னித் தரோம்."

இலவசமாகப் போர்த்தினதைத் திருப்பிக் கேட்டால் யாருக்கும் மனம் வராது. ஆனால் பதவியோடு பெயர் வரும் என்றால் கதையே வேறு. தள்ளுமுள்ளு வந்துவிட்டது. மூன்றாம் நிலை எழுத்தர் இரண்டாம் நிலை என்று எழுதிக்கொடுத்தார். டென்னிஸ் தன் பெயருக்குக் கீழே ஒரு சின்னப் பாறை வேண்டும் என்றார். ஜெயகரன் தன் பதவிகளை எழுதி முடிக்க இன்னொரு பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்து, 'முதன்மை'யைப் பெரிதாகத் திருத்திவிட்டுத்தான் மஃப்ளர்களைக் கழற்றினார்.

ஆட்டோவில் அறுபதும் ஏறின. வாரியத்தின் எல்லைக்கு வெளியே யாருடைய மாதிரிக்கும் யாரும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. ஐடா வீட்டில் ஆறு பேரும் ஊசியைப் பிடித்தார்கள், அக்கம்பக்கத்தில் பின்னத் தெரிந்த பத்துப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். ஓரத்தில் கண்ணி எடுத்து, ஒன்று நேர், ஒன்று எதிர் என்று நாலு வரி. முடிக்க முடிக்கத் தண்ணீர் தெளித்துத் தட்டிப் பாயில் காயப் போட்டார்கள். காலையில் பார்த்தால் அறுபதும் பாயில் அசையாமல் கிடந்தன. புஷ்பவல்லி ஒன்றின் ஓரத்தை மடக்கிவிட்டுக் கையை எடுத்தாள். அது தானாகவே நேராகிக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

பன்னிரண்டாம் தேதி அதே ரயிலில்தான் போனாள். ஆனால் துடைப்பக்கட்டைக்குப் பதில் மூட்டையோடு போனாள். பள்ளிக்கூடத்தில் மஃப்ளரைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாடினார்கள். வருஷ ஆர்டர் கைக்கு வந்தது. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று காலை எட்டு மணி வெயிலில் வாசலில் உட்கார்ந்து பல்லவிக்குத் தலை வாரி இரண்டு பின்னல் போட்டாள். "இன்னாம்மா, இன்னிக்கி ஞாயித்துக்கெழமையா?" என்று பெண் கேட்டாள். புஷ்பவல்லி ஒரு பின்னலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

வாரியத்துக்கு ஐம்பத்தொன்பது பெயர் பின்னித் தருவதாகச் சொன்ன வாக்கு பாக்கி இருந்தது. அவள் வாக்கு மாறுகிறவள் இல்லை. ஆனால் யாருடையதை முதலில் பின்னுவது என்று பதவி வரிசை முடிவு செய்ய வாரியம் ஒரு குழு போட்டுவிட்டது. அந்தக் குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. ஜெயகரனுடையது முதலில் என்பது மட்டும் ஏகமனதாக நிறைவேறியது.

எனவே ஜனவரி மாதத்தில் ஒரு நாள் மாலை, ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், புஷ்பவல்லி ஒரு பொட்டலத்தோடு ஜெயகரன் அறைக்குப் போனாள். இனி பின்னுவது ஐடா வீட்டில் என்பதால் விளக்கறைச் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பொட்டலத்தில் புது நீல மஃப்ளர். இரண்டு ஓரத்தையும் ஒட்டி, மஞ்சள் நூலில், அவருடைய பெயரும் இரண்டு பதவிகளும் ஒன்றுவிடாமல் இருந்தன.

"ஓரத்தில் சொரசொரப்பு இல்லையே?" என்று தடவிப் பார்த்தார்.

"இல்ல சார். நீங்க முத்திரை வச்ச மாதிரிப்படியேதான் பின்னிகீறேன். ஒரு கண்ணி மாத்தல."

அவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் பெயரும் மறுபக்கம் பதவியும் மெதுவாக உள்ளே சுருண்டு மறைந்தன. பிரித்துவிட்டார். மறுபடி மறைந்தன. சங்கு ஊதியது. பஸ்ஸில் நாலு பேர் பார்க்க வேண்டுமே என்று ஓரத்தைப் பிரித்துக்கொண்டே அவர் கேட்டுக்கு நடந்தார். புஷ்பவல்லி பின்னால் வந்தாள்.

"சார்," என்றான் சம்பங்கி. "ஒரு நிமிசம். இன்னிக்கு ஏதாச்சும் விழா கீதா சார்?"

"இல்லையே. ஏன்?"

"விழா இல்லேன்னா மரியாதை இல்ல சார். துணிதான்." சம்பங்கி மேலே கேமராவைக் காட்டினான். "ஓரம் சுருண்டுகீது. பிரிச்சிக் காட்டுங்க சார். நான் எழுதி முடிக்கிற வரைக்கும் தானா பிரிஞ்சே கெடக்கணும்."

ஜெயகரன் மஃப்ளரை மேசைமேல் விரித்தார். அது சுருண்டது. விரித்தார். சுருண்டது. அவருடைய பெயர் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. தான் காத்த விதியைத் தானே மீறலாமா என்று அவர் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். பிறகு கேமராவைப் பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"எழுது," என்றார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. "விதி என்றால் விதி."

சம்பங்கி பதிவேட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டான். பேனா நின்றுவிட்டது. உதறிப் பார்த்தான், மை இல்லை. மைப்புட்டி ஆபீஸில் இருந்தது. ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள், இனி நாளைக் காலை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள்.